கீழ் மூலையில் பேசுவது யார்?

திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்றால் முன்பெல்லாம் பாதி வேலை தூசி தட்டுவதுதான். பனியன் கம்பெனிகளில் பறக்கும் பஞ்சு பொட்டிக்குள் புகுந்து ஃபேனை அடைத்துவிடும். ப்ளோயரால் ஊதி, ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டால் சிஸ்டம் எழுந்துகொள்ளும். அந்த வேலை இன்னும் இருக்கிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் என்னை அதிகம் அலையவைத்த புகார் வேறு. "அண்ணா, அப்டேட் பண்ணு அப்டேட் பண்ணுன்னு வந்துட்டே இருக்குதுங்ணா. மூடுனா மறுக்கா வருதுங்ணா."

இந்தப் புகாரோடு வரும் சிஸ்டம் பெரும்பாலும் வேறு ஒருவர் கைபட்டே வரும். அவர் ஆன்டிவைரஸ் ஓட்டிப் பார்த்திருப்பார். ஒன்றும் சிக்கியிருக்காது. கடைசியில் ஃபார்மட் அடித்து, ஓஎஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்திருப்பார். சில நாளில் அதே அறிவிப்பு அதே மூலையில் வந்து நிற்கும். இடையில் டேலி டேட்டாவோ, டிசைன் ஃபைலோ, பிள்ளையின் பிறந்தநாள் படங்களோ போயிருக்கும். இந்த இழப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது: அந்த அறிவிப்பை அனுப்புவது யார் என்று தெரியாமல் எந்தப் பொட்டியையும் ஃபார்மட் அடிக்கமாட்டேன்.

ஒரு நிட்டிங் யூனிட்டின் அக்கவுண்ட்ஸ் அறையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புச் சின்னத்தோடு ஒரு பெட்டி வந்துபோகும்: உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும். அதை நம்பி முதலாளி கார்டில் பணம் கட்டியிருந்தார். வாங்கியது போலியல்ல, உண்மையான ஆன்டிவைரஸ்தான். கீ வந்தது, போட்டார்கள், வேலையும் செய்தது. ஆனால் காலாவதி அறிவிப்பு மட்டும் நிற்கவில்லை. மறுபடியும் கட்டினார். "தம்பி, காசு கட்டியும் காலாவதின்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டவரிடம், அடுத்த முறை அந்தப் பெட்டி வரும்வரை இருங்கள் என்று சொல்லி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வந்தது. பெரிய எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் இருந்த சின்ன வரியைப் படித்தேன். பிரவுசரின் பெயர், பக்கத்தில் வாயில் நுழையாத ஓர் இணைய முகவரி. பேசியது ஆன்டிவைரஸ் அல்ல, விண்டோஸும் அல்ல. எப்போதோ திறந்த ஏதோ ஒரு தளம், பிரவுசரின் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய்ப் பார்த்தால், 'அனுமதிக்கப்பட்டவை' என்ற தலைப்பின் கீழ் அதைப்போல நீளமான பட்டியல். ஒவ்வொன்றாக நீக்கினோம். அத்தோடு நின்றது.

இந்த வசதியைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் உருவாக்கவில்லை. 2015 ஏப்ரலில் குரோமின் 42ஆம் பதிப்போடு வந்தது. தளத்தை மூடியபிறகும் செய்தி அனுப்ப வழி வேண்டும் என்று செய்தார்கள். மின்னஞ்சல், செய்தித்தளம், சாட் போன்றவற்றுக்கு அது தேவைதான். 'அலவ்' என்று ஒருமுறை அமுக்கிவிட்டால் பிரவுசருக்குள் அந்தத் தளத்தின் சிறு நிரல் ஒன்று பதிவாகிவிடும். சர்வீஸ் ஒர்க்கர் என்பார்கள். அதன்பின், சந்தா கட்டிய வார இதழ் வீட்டைத் தேடி வருவதுபோல, அந்தத் தளம் அனுப்புவதெல்லாம் பிரவுசர் நிறுவனத்தின் சர்வர் வழியாக உங்கள் திரைக்கு வந்து சேரும். தலைப்பையும் படத்தையும் அனுப்புகிறவரே தீர்மானிக்கிறார். விண்டோஸின் சின்னத்தைப் போடலாம், ஆன்டிவைரஸின் கேடயத்தைப் போடலாம். அவர் மாற்ற முடியாதது அந்தச் சாம்பல் வரி ஒன்றுதான்.

ஆன்டிவைரஸ் ஓட்டி எதுவும் சிக்காததன் காரணம் இதுதான். சிக்குவதற்குக் கம்ப்யூட்டரில் கெட்ட ஃபைல் எதுவும் இல்லை. இருப்பது நாம் கொடுத்த ஓர் அனுமதி.

'அலவ்' அமுக்கவைக்கும் இடங்கள் எங்கள் பக்கத்தில் எவை என்று இப்போது எனக்கு மனப்பாடம். புதுப்படம் இறக்கும் தளங்கள் முதலிடம். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் அரசுத் தளம் திறக்கத் தாமதமானால், தேடலில் கிடைக்கும் ஏதோ ஒரு தளத்துக்குள் பிள்ளைகள் நுழைவார்கள். அங்கே 'நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அமுக்கவும்' என்று இருக்கும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளை அமுக்கத்தான் செய்யும். பழைய வினாத்தாள் பிடிஎஃப் தேடும் ஆசிரியர்கள், எம்ப்ராய்டரி டிசைன் இலவசமாகத் தேடும் யூனிட்காரர்கள், எல்லோரும் இதே வழியில்தான் மாட்டுகிறார்கள். அவர்களை ஏமாளிகள் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு நாளில் அத்தனை பெட்டிகளுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரவுசர் செய்கிறவர்களுக்கும் இது தெரிந்துதான், 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸில், பயனர் ஏதாவது அமுக்கினாலொழிய அனுமதிப் பெட்டியே காட்டாதபடி மாற்றினார்கள். அடுத்த மாதமே குரோமிலும் அந்தப் பெட்டியை ஒதுக்கி மணிச் சின்னமாகக் காட்டும் முறை வந்தது. முன்பைவிடப் பரவாயில்லை. நின்றுவிடவில்லை.

அந்த முதலாளியின் பணம் எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். அறிவிப்பை அமுக்கினால் இடையில் சில முகவரிகளைக் கடந்து உண்மையான விற்பனைப் பக்கத்துக்கே கொண்டுபோய் விடுவார்கள். விற்றால் இடையில் நிற்பவருக்குக் கமிஷன். திருடியவர் யார் என்று புகார் எழுதக்கூட வழி இருக்காது. பொருள் கைக்கு வந்துவிட்டதே!

போலி அப்டேட் என்பது இந்த அறிவிப்புகளுக்கு முந்தியது. என் தலைமுறை சர்வீஸ்காரர்கள் அதை முதலில் சந்தித்தது ஃபிளாஷ் பிளேயர் வடிவில். அந்தக் காலத்தில் வீடியோ பார்க்க, கேம் ஆட, சில வங்கித் தளங்கள் திறக்கக்கூட ஃபிளாஷ் வேண்டும். அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருந்ததால் உண்மையான அப்டேட் அடிக்கடி வரும். ஜனங்களின் கை அதற்குப் பழகிவிட்டது. பழகிய கையைத்தான் போலிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். 2011 செப்டம்பரில் ஃபிளாஷ் இன்ஸ்டாலர் வேடத்தில் ஆப்பிள் கம்ப்யூட்டர்களைத் தேடி வந்த ஃபிளாஷ்பேக் என்ற ட்ரோஜன், அடுத்த ஏப்ரலில் ஜாவாவின் ஓட்டை வழியாக 6 லட்சத்துக்கு மேற்பட்ட மேக்குகளில் பரவியிருந்தது. மேக்குக்கு வைரஸே வராது என்று அதுவரை நம்பிய டிசைன் ஸ்டூடியோக்காரர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். 2017 அக்டோபர் 24 அன்று ரஷ்யாவிலும் உக்ரைனிலும் கிளம்பிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பேட் ராபிட் ரான்சம்வேரும் ஃபிளாஷ் அப்டேட் என்று சொல்லித்தான் நுழைந்தது. நம்பகமான செய்தித்தளங்களுக்குள்ளேயே அந்தப் பெட்டியை ஒளித்துவைத்திருந்தார்கள். ஒடேசா விமான நிலையமும் கீவ் மெட்ரோவும் பாதிக்கப்பட்டன.

2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதையும் ஓடவிடாமல் தடுத்தும்விட்டது. எனக்கு அது பெரிய நிம்மதி. கஸ்டமர்களிடம் விதிவிலக்கே இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிந்தது அப்போதுதான்: இனி ஃபிளாஷை அப்டேட் செய்யச் சொல்பவர் யாராக இருந்தாலும் பொய் சொல்கிறார்.

அந்த இடத்தை இப்போது பிரவுசரே பிடித்துக்கொண்டது. 'உங்கள் குரோம் பழையதாகிவிட்டது' என்று முழுப் பக்கம் ஒன்று வரும். அசல்போலவே சின்னம், அசல்போலவே நீலப் பொத்தான். இதில் கொடுமை என்னவென்றால், பார்த்துக்கொண்டிருக்கும் தளம் நல்ல தளமாகவே இருக்கும். யாரோ அதற்குள் புகுந்து நிரலைச் செருகியிருப்பார்கள். சாக்கோலிஷ் என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கும் கும்பல் வேலை இப்படிப்பட்டது. 2020-ல் அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் வேஸ்டட்லாக்கர் ரான்சம்வேரை ஏற்ற முயன்றவர்கள் இந்த வழியில்தான் உள்ளே போனார்கள். இங்கே முகவரியைப் படித்துப் பயனில்லை, ஏனென்றால் முகவரி சரியானதுதான். அதனால் வேறொன்றைச் சொல்லித்தருகிறேன். குரோம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். டவுன்லோட் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலை இறக்கி, அதைத் திறக்கச் சொல்லவே சொல்லாது. இறங்கிவிட்டால் அதைத் தொடாமல் எனக்குப் போன் செய்யுங்கள்.

இனி, போன பிறகும் திரும்பி வருவதைப் பற்றி. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் டிசைன் ஸ்டூடியோ. வரிசையாக சிஸ்டம்கள், எல்லாவற்றிலும் கோரல்டிரா. எல்லாவற்றிலும் 'டிரைவர் அப்டேட் செய்யவும்' என்று ஒரு டேப் தானாகத் திறக்கும். எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும், ஓரிரு நாளில் திரும்பிவிடும். எனக்கு முன்னால் பார்த்தவர் ஹார்ட் டிஸ்கையே மாற்றச் சொல்லியிருந்தார். நான் மாற்றவில்லை. புதிதாக ஓஎஸ் போட்ட ஒரு சிஸ்டத்தின் பக்கத்தில் நின்று, அங்கிருப்பவர்கள் வழக்கமாக முதலில் என்ன செய்வார்களோ அதைச் செய்யச் சொன்னேன். குரோமைத் திறந்து முதலாளியின் ஜிமெயிலில் உள்ளே போனார்கள். ஆர்டர் மெயில் எல்லாம் அதில்தான் வரும். கண்ணெதிரே மேலே எக்ஸ்டென்ஷன்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. அதில் ஒன்று, பிடிஎஃப் மாற்றித்தருவதாகச் சொல்லும் எக்ஸ்டென்ஷன். முதலாளி வீட்டு லேப்டாப்பில் யாரோ போட்டது. கணக்கோடு ஒட்டிக்கொண்டு, அந்தக் கணக்கு திறக்கும் இடமெல்லாம் வந்துகொண்டிருந்தது. வீட்டு லேப்டாப்பில் அதை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றி, ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனிக் கணக்கு போட்டோம். ஹார்ட் டிஸ்க் அதே டிஸ்க்தான்.

சில எக்ஸ்டென்ஷன்களை நீக்கவே முடியாது. நீக்கும் பொத்தான் மங்கிக் கிடக்கும். அப்போது பிரவுசர் மெனுவின் அடியைப் பார்ப்பேன். 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி இருக்கும். பெரிய கம்பெனிகளில் ஐடி பிரிவு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே விதி போடுவதற்கான வசதி அது. ரிஜிஸ்ட்ரியில் எழுதிவைத்தால் பிரவுசர் கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும். நான்கு ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் ஐடி பிரிவு ஏது? போலி மென்பொருள்தான் அந்த விதியை எழுதியிருக்கும். ஆனால் அவசரப்படக் கூடாது. சில ஆன்டிவைரஸ்களும் நியாயமாகவே அங்கே எழுதும். பாலிசிப் பக்கத்தைத் திறந்து, எந்த விதி எதற்காக என்று படித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

பிரவுசரையே மூடிவைத்திருக்கும்போதும் பெட்டி வந்தால் டாஸ்க் ஷெட்யூலரைப் பார்ப்பேன். விண்டோஸ் ஆன் ஆனதும் எவையெல்லாம் தானாகக் கிளம்புகின்றன என்று முழுசாகக் காட்ட மார்க் ருசினோவிச் குழுவினரின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. 2006 முதல் அது மைக்ரோசாஃப்டின் சொத்து. என் பென்டிரைவில் எப்போதும் இருக்கும். ஃபோல்டரை அழித்துவிட்டு, மணிக்கொரு முறை அதைத் திரும்ப இறக்கும் டாஸ்க்கை விட்டுவிட்டால், அழித்தது வீண்.

நான் கேட்கும் இன்னொரு கேள்வி: ஒரு சிஸ்டத்தில் மட்டுமா, வீட்டில் இருக்கும் போன்களிலுமா? போன்களிலும் என்றால் ரூட்டர்மேல் சந்தேகம் வர வேண்டும். 2018-ல் ஆசிய நாடுகளில் பரவிய ரோமிங் மான்டிஸ் இப்படித்தான் செய்தது. ரூட்டரின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிவிட்டு, அந்த வைஃபையில் இருப்பவர் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'குரோமைப் புதுப்பிக்கவும்' என்ற பக்கத்துக்குத் திருப்பி, ஆண்ட்ராய்டு போனில் போலி ஆப்பை ஏற்றியது. ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு அட்மின் என்றே இருப்பதை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். சிஸ்டம் சர்வீஸுக்குப் போனாலும் ரூட்டரைத் திறந்து பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, அதை ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வருவேன். இதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

போலிகளைத் துரத்துவதில் இதுவரை எனக்குச் சலிப்பு வந்ததில்லை. மனதை அறுப்பது அதன்பிறகு வரும் வேண்டுகோள்: "எல்லா அப்டேட்டையும் ஒரேயடியா நிறுத்திவிட்டிருங்க தம்பி." அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. உண்மையான அறிவிப்புகளும் அவர்களைப் படுத்தியிருக்கின்றன. விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறச் சொல்லி 2015, 2016-ல் வந்த பெட்டியை நினைத்துப்பாருங்கள். ஒரு கட்டத்தில் அதன் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினாலும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாள் குறித்துவிடும்படி இருந்தது. உலகம் முழுக்கக் கண்டனம் வந்தபின் மறுப்பதற்குத் தனி வழி வைத்தார்கள். மூடுவதற்கான குறியே நம்பத்தகாததாகிவிட்டால், எது அசல் எது போலி என்று ஒரு கணக்குப்பிள்ளை எப்படிப் பிரித்தறிவார்?

ஆனாலும் நான் நிறுத்திக்கொடுப்பதில்லை. 2017 மே 12-ல் வானாக்ரை ரான்சம்வேர் கிளம்பியபோது அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். அதை ஏன் போடவில்லை என்று கேட்டால், 'அப்டேட் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆயிரும்னு நிறுத்தி வெச்சிருக்கோம்' என்பதே எங்கள் பக்கத்து யூனிட்களில் பதிலாக இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் பென்டிரைவோடு யூனிட் யூனிட்டாக ஏறி இறங்கினேன்.

விதிவிலக்கு உண்டு. வரி தாக்கலில் டிஜிட்டல் கையொப்பம் போட ஜாவா தேவைப்பட்ட காலத்தில், ஆடிட்டர் ஆபீஸ்களில் 'ஜாவா அப்டேட் தயார்' என்ற பெட்டி ஓயாமல் வரும். அது அசல்தான். ஆனால் 2014 ஜனவரியில் வந்த பதிப்பு முறையாகக் கையொப்பமிடாத ஆப்லெட்களைத் தடுக்கத் தொடங்கியதும், அப்டேட் போட்ட ஆபீஸில் கையொப்பம் போட முடியாமல் வேலை நின்றது. கெடு தேதி நெருங்கும் ஜூலையில் அது சின்ன விஷயமில்லை. அப்போது நான் செய்தது: கையொப்பத்துக்கென்று ஒரே ஒரு சிஸ்டம், அதில் மட்டும் பழைய ஜாவா, அதில் மெயில்கூடத் திறக்கக் கூடாது. மற்றவற்றில் ஜாவாவையே எடுத்துவிட்டேன். கட்டிங் பிளாட்டரையும் எம்ப்ராய்டரி மெஷினையும் ஓட்டும் பழைய எக்ஸ்பி சிஸ்டங்களுக்கும் இதே முறைதான். நெட் ஒயரைக் கழற்றிவிட்டால் அவை பல ஆண்டு ஓடும்.

அசல் அறிவிப்பே போலிபோல நடந்துகொள்வதும் உண்டு. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கே.பி. 5034441 என்ற அப்டேட், ரெகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி இடம் காலியாக இல்லாவிட்டால் ஏறாது. தோற்றுவிட்டு மறுபடியும் மறுபடியும் வரும். 'மறுக்கா வருது, வைரஸ்தான்' என்று முடிவுகட்டி ஃபார்மட் அடித்தவர்களை எனக்குத் தெரியும். பார்ட்டிஷனைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தீர்ந்தது.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. 'அப்டேட்டில் கோளாறு, சரிசெய்ய விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, கன்ட்ரோல் வி அமுக்கி, என்டர் தட்டவும்' என்று பக்கம் வரும். கிளிப்போர்டில் அந்தத் தளமே கெட்ட கட்டளையை முன்கூட்டி வைத்திருக்கும். 2024 முதல் கிளிக்ஃபிக்ஸ் என்ற பெயரில் பரவுகிறது. இதில் இன்ஸ்டாலர்கூட வேண்டாம். கட்டளையை நம் கையாலேயே ஓடவைக்கிறார்கள். எந்த உண்மையான அப்டேட்டும் அந்த விசைகளை அமுக்கச் சொல்லாது என்பதைப் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, நான் போகும் ஆபீஸ்களின் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவருகிறேன்.

சிஸ்டத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் வேலை பார்ப்பவரையே உட்காரவைத்து, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தை அவர் கையாலேயே திறக்கச் சொல்வேன். விண்டோஸின் அசல் அப்டேட் எதுவானாலும் அந்தப் பக்கத்தில் இருக்கும். அங்கே இல்லாததை விண்டோஸ் பெயரில் மூலையில் வரும் பெட்டி சொன்னால் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பேன். முதல் தடவை தயங்குவார்கள். அடுத்த தடவை போன் செய்யும்போது, "அண்ணா, உள்ள போய்ப் பார்த்தேனுங்க, அங்க ஒண்ணும் இல்லீங்ணா" என்று அவர்களே சொல்வார்கள்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதைச் சொல்லும் அறிவிப்பு அசலாகவே திரையில் வருகிறது. கஸ்டமர்களில் பாதிப் பேர் அதையும் போலி என்று மூடிவிடுகிறார்கள். ஊரில் ஓடும் பொட்டிகளில் பலவற்றில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்; விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அவர்களுக்காக ஒவ்வோர் ஆபீஸாக உட்கார்ந்து, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் நீட்டிப்பில் பதிவுசெய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பிரவுசரும் மெயிலும் டைப்பிங்கும் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் காட்டுகிறேன். டேலி வேண்டும் என்பவர்களிடம் அடுத்த தீபாவளி போனஸ் கணக்கோடு ஒரு புது பொட்டிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.